பயம் இருக்கும்போதே பள்ளிக்குப் போக வைப்பது: டீன் ஏஜ் பிள்ளையின் பதற்றத்துக்கு ஒரு வழிகாட்டி

வயிற்று வலி என்று பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போகிறீர்கள். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல, எல்லாம் நார்மல்தான்" என்கிறார். மறுநாள் காலை, பள்ளி வேன் வரும் நேரத்தில் மறுபடியும் அதே வலி. ஞாயிற்றுக்கிழமை இல்லை. கோடை விடுமுறை முழுக்க இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் திரும்ப வந்துவிடுகிறது. "நடிக்கிறா" என்ற சொல் வீட்டில் முதல்முறை காதில் விழுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

அவள் நடிக்கவில்லை. வலி நிஜம். வயிற்றில் நோய் இல்லை, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது. அவற்றில் அதிகம் காணப்படுபவற்றில் ஒன்று பதற்றம். அதனால் உங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் கூனிக்குறுக வேண்டாம்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை பள்ளிக்குப் போகப் பயப்படும் நிலையை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது அதைத்தான். ஆனால் கல்யாண வீட்டுக்கு வர மறுக்கும் பையனுக்கும், பஸ்ஸில் தனியாகப் போக முடியாத பெண்ணுக்கும் இதே முறைதான். பயம் போகட்டும், அப்புறம் பள்ளிக்குப் போகலாம் என்று காத்திருந்தால் பயம் போகவே போகாது. கொஞ்சம் பயம் இருக்கும்போதே, சின்னச் சின்னதாகப் போக ஆரம்பித்தால்தான் அது குறையும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

உடம்பில் நடப்பது என்ன?

ஆபத்து வருகிறது என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும். ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ ரத்தம் கைகால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படும். செரிமான வேலை பாதியில் நிற்கும். வயிற்றைப் பிசைவது, காலை இட்லி உள்ளே இறங்காதது, வாந்தி வருவது போல இருப்பது, நாலு முறை டாய்லெட் போவது எல்லாம் இதனால்தான். மூச்சு வேகவேகமாக வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல்நுனி மரத்துப்போகும், தலை சுற்றும்.

வீட்டைக் காக்கும் நாய் திருடனைப் பார்த்தும் குரைக்கும், தபால்காரரைப் பார்த்தும் குரைக்கும். பதற்றம் உள்ள பிள்ளையின் மூளை தபால்காரருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே குரைக்கிறது. "பயப்படாதே" என்று சொல்லி அதை நிறுத்த முடியாது. அந்த எச்சரிக்கையை நிதானமாகப் பரிசீலித்து அடக்க வேண்டிய முன்மூளைப் பகுதி முழுமையாக முதிர்வதற்கு ஏறக்குறைய 25 வயதாகிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "நீயே யோசிச்சுப் பாரு, இதுக்குப் போய் பயப்படலாமா?" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லாததற்கு இதுதான் காரணம்.

எல்லாப் பிள்ளைகளிடமும் இது பயமாகவே வெளிப்படும் என்றும் சொல்ல முடியாது. பையன்களிடம் பல நேரம் கோபமாக வரும். பையைத் தூக்கி எறிவான், கதவைச் சாத்துவான், "ஸ்கூலே வேஸ்ட்" என்பான். சில பெண் பிள்ளைகளிடம் அது அளவுகடந்த ஒழுங்காக வரும். ஒரு அடித்தல் விழுந்தால் முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். இரவு பன்னிரண்டு மணிக்கும் ரெக்கார்டு நோட்டை மூட மாட்டாள். அவளைப் பார்த்து "எவ்வளவு பொறுப்பா படிக்கிறா" என்று ஊரே மெச்சும். அவளைத்தான் நாம் கடைசியில் கவனிக்கிறோம்.

1. பயத்துக்கு நிஜமான காரணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

இதைத் தாண்டி அடுத்ததற்குப் போகவே கூடாது. பள்ளியில் நிஜமாகவே ஆபத்து இருந்தால், பயத்தைக் குறைக்கும் எந்தப் பயிற்சியும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

ஆசிரியர் யாராவது அடிக்கிறாரா, எல்லோர் முன்னும் கேவலமாகப் பேசுகிறாரா? வேனில் யாராவது தொடுகிறார்களா? சாதி சொல்லிக் கேலி நடக்கிறதா? பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி கேட்டு நீதியரசர் சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வாங்கிய மாநிலம் இது. "எங்க ஸ்கூல்ல அதெல்லாம் இல்ல" என்று நம் பக்கத்திலிருந்து முடிவு செய்துவிட வேண்டாம். இன்னொரு காரணத்தை அம்மாக்கள் மட்டும்தான் கேட்டு வாங்க முடியும்: மாதவிடாய் நாட்களில் கழிப்பறையில் தண்ணீரும் இருக்காது, தாழ்ப்பாளும் இருக்காது. மாதத்தில் மூன்று நாள் மட்டும் "தலைவலி" என்று லீவு போடும் பெண்ணிடம் அதை விசாரியுங்கள்.

துன்புறுத்தல் என்று தெரிந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தாக வேண்டும். பள்ளியின் பெயர் கெடுமே என்பது உங்கள் கவலையாக இருக்க வேண்டியதில்லை.

உடம்பையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும். ரத்தசோகையிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். எல்லாம் சரியாக இருந்தால் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பதை அதோடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு புது டெஸ்ட்டும் "எனக்கு ஏதோ பெரிய வியாதி" என்ற எண்ணத்தைத்தான் பிள்ளைக்கு உறுதிப்படுத்தும்.

கோயிலில் திருநீறு போடுவது, வேப்பிலை அடிப்பது, கயிறு மந்திரித்துக் கட்டுவது பற்றியும் கேட்பார்கள். பாட்டி மடியில் படுக்க வைத்துத் திருநீறு பூசினால் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்குமென்றால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அடிப்பது, பட்டினி போடுவது, "இவளுக்குள்ள என்னமோ புகுந்திருக்கு" என்று சொல்லிப் பூசாரி பூசாரியாக அலைவது கூடாது. அந்த அலைச்சலில் மாதங்கள் போய்விடும். அதற்குள் பள்ளி வருகைப் பதிவு, தோழிகள், பாடம் எல்லாமே கைவிட்டுப் போயிருக்கும்.

2. பேச வைக்கும் இடமும் நேரமும்

ஹாலில் உட்கார வைத்து, அப்பா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் இருந்துகொண்டு "சொல்லு, உனக்கு என்னதான் பிரச்சினை?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. முகத்துக்கு முகம் பார்க்காத இடங்கள் நல்லவை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது. கேள்வியும் சின்னதாக இருக்கட்டும். "காலையில எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு? வேன்ல ஏறும்போதா, கிளாஸ்குள்ள போகும்போதா?" என்று கேட்டால் பதில் வரும். "ஏன் பயப்படுற?" என்றால் வராது, ஏனென்றால் அவளுக்கே தெரியாது.

பதில் வந்ததும் உடனே தீர்வு சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். அப்பாக்கள் இதில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளை இரண்டு வரி சொல்லி முடிப்பதற்குள் "இவ்வளவுதானே, நான் நாளைக்கே ஹெச்எம்-கிட்ட பேசுறேன்" என்று கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது வரியில் என்ன வந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

சில வாக்கியங்களை வீட்டிலிருந்தே ஒழித்துவிடுங்கள். "நாங்கல்லாம் அந்தக் காலத்துல பத்து கிலோமீட்டர் நடந்து போனோம்." "எதிர் வீட்டுப் பொண்ணு டியூஷனே இல்லாம ஐநூத்துக்கு மேல வாங்குது." "உனக்காக எவ்வளவு கஷ்டப்படுறோம் தெரியுமா?" இதில் மூன்றாவதுதான் ரொம்ப மோசம். பயத்தோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துவிடும்.

3. உங்கள் பக்கத்தில் மாற்ற வேண்டியது

பிள்ளை தவிப்பதைப் பார்க்க முடியாமல் நாம் பயத்துக்கு இடம் கொடுத்துக்கொண்டே போகிறோம். இன்று லீவு லெட்டர். நாளைக்கு அவளுக்குப் பதிலாகக் கடையில் நாமே கேட்டு வாங்குவது. விருந்தாளி வந்தால் "அவ தூங்குறா" என்று சொல்லி அறையிலேயே இருக்க விடுவது. "பாஸ் ஆயிடுவேனாம்மா?" என்று ஒரே நாளில் இருபது முறை கேட்டாலும் இருபது முறையும் "ஆயிடுவ கண்ணு" என்பது. ஒவ்வொன்றும் அன்பில் செய்வதுதான். அந்த நிமிடத்துக்கு நிம்மதியும் கிடைக்கும். ஆனால் மூளை கற்றுக்கொள்வது வேறு: "நான் போகாததால்தான் தப்பித்தேன்; அங்கே நிஜமாகவே ஆபத்து இருக்கிறது." அடுத்த நாள் பயம் ஒரு சுற்று பெருத்திருக்கும்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அதில் பிள்ளை சிகிச்சைக்கே வருவதில்லை, பெற்றோர் மட்டும்தான் வருவார்கள். 2020-இல் வெளியான அவரது ஆய்வில் 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளின் குடும்பங்கள் இருந்தன. பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்த குழுவிலும், பிள்ளைக்கே நேரடியாகச் சிகிச்சை கொடுத்த குழுவிலும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. "அவ கவுன்சிலிங் வர மாட்டேங்குறா, நாங்க என்ன பண்றது?" என்று தவிக்கும் பெற்றோருக்கு இதைத்தான் சொல்வேன். அவள் வராவிட்டாலும் நீங்கள் தொடங்கலாம்.

எப்படித் தொடங்குவது? நீங்கள் அவளுடைய பயத்துக்காகச் செய்து கொடுப்பவற்றை ஒரு வாரம் ஒரு தாளில் குறித்துவையுங்கள். அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். அதை இனிமேல் செய்யப்போவதில்லை என்று சண்டையில்லாத ஒரு நேரத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் திடீரென்று நிறுத்தினால் அது தண்டனை போல ஆகிவிடும்.

சொல்லும் வார்த்தையில் இரண்டு பாதி இருக்க வேண்டும்: கஷ்டம் எனக்குப் புரிகிறது, உன்னால் தாங்க முடியும் என்று நம்புகிறேன். காலையில் இப்படிப் போகும்:

"வயிறு வலிக்குதும்மா."

"வலிக்குதுன்னு தெரியுது கண்ணு. பயமாவும் இருக்கும். அந்தப் பயத்தோடயே நீ கேட்டு வரைக்கும் போயிட்டு வந்துடுவ, எனக்குத் தெரியும்."

"முடியாதும்மா."

"கஷ்டம்தான். நான் கூட வர்றேன். ஷூ போட்டுக்கோ."

முதல் பாதியை மட்டும் சொன்னால் அவள் படுத்துவிடுவாள். இரண்டாவது பாதியை மட்டும் சொன்னால் "என்னை யாருக்கும் புரியல" என்பாள். இரண்டும் சேர வேண்டும். குரலும் சாதாரணமாக இருக்க வேண்டும். அழுகை கலந்த குரலில் "உன்னால முடியும்" என்றால் அதை அவள் நம்ப மாட்டாள்.

இருபது முறை கேட்கும் கேள்விக்கு ஒரே ஒரு முறை பதில் சொல்லுங்கள். இரண்டாம் முறை, "இது உன் பயம் கேக்குற கேள்வி. இதுக்கு என்ன பதில்னு உனக்கே தெரியும், நீயே சொல்லு" என்று திருப்பிக் கொடுங்கள். முதல் சில நாட்கள் எரிச்சலும் அழுகையும் கூடும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். அந்த நாட்களில் அப்பா ஒன்று, அம்மா ஒன்று, பாட்டி வேறொன்று என்று சொல்லாமல் இருப்பதுதான் முக்கியம்.

4. படிக்கட்டுப் போட்டு ஏறுவது

இதுதான் மொத்த வேலையின் நடு இடம். 1924-லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறும் ஒரு சின்னப் பையனுக்கு இப்படிச் செய்து பார்த்திருக்கிறார். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டில் இருக்கும் முயலை அறையின் தூரத்து மூலையில் வைத்தார். நாள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். நூறு வருடங்களாக எத்தனையோ ஆராய்ச்சி வந்தும் பதற்றத்துக்கான பேச்சு சிகிச்சையின் மையம் இன்றும் இதுதான்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு வரை கிராமத்தில் சின்னப் பள்ளியில் படித்தாள். பிளஸ் ஒன்னுக்கு டவுனில் பெரிய பள்ளி, இங்கிலீஷ் மீடியம். ஜூலையில் ஒரு நாள் எழுந்து நின்று வாசிக்கும்போது குரல் நடுங்கியது, பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிலிருந்து திங்கட்கிழமை வயிற்று வலி, அப்புறம் தினமும் வயிற்று வலி, இப்போது மூன்று வாரமாகப் பள்ளிக்கே போகவில்லை. (நாலு பேர் முன்னால் பேசுவதில் வரும் இந்தப் பயம் பெரும்பாலும் 13 வயதை ஒட்டித் தலைகாட்டும். பள்ளி மாறும்போது வெளிச்சத்துக்கு வரும்.) "திங்கட்கிழமை முதல் ஒழுங்கா போ" என்று அவளை ஒரேயடியாக உள்ளே தள்ளினால் பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும்.

அவளையே உட்கார வைத்து, பள்ளி சம்பந்தப்பட்ட எதுவெல்லாம் பயம் என்று எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0-இலிருந்து 10-க்குள் ஒரு மார்க். பூஜ்யம் என்றால் பயமே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. அதைக் குறைந்த மார்க்கிலிருந்து வரிசைப்படுத்தினால் படிக்கட்டு தயார். அவளுடையது இப்படி வரலாம்:

- மாலையில், பள்ளி விட்ட பிறகு, யூனிபார்மில் சைக்கிளில் கேட் வரை போய்த் திரும்புவது: 3
- காலை நேரத்தில் அம்மாவோடு கேட் வரை: 4
- வகுப்பு ஆசிரியரை மட்டும் பார்த்து, லைப்ரரியில் ஒரு பீரியட் உட்காருவது: 5
- தனக்குப் பிடித்த பாட வேளையில் மட்டும் வகுப்புக்குள், தோழி பக்கத்தில்: 6
- மதிய உணவு வரை: 7
- முழு நாள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற ஏற்பாட்டோடு: 7
- முந்தின நாளே சொல்லிவைத்த ஒரு கேள்விக்கு உட்கார்ந்தபடியே பதில்: 8
- எழுந்து நின்று இரண்டு வரி வாசிப்பது: 9

மார்க் அவளுடையது. நமக்கு எளிதாகத் தெரிவது அவளுக்கு ஏழாக இருக்கலாம். வாதாட வேண்டாம்.

ஏறும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடக் கூடாது. கேட் முன்னால் நின்று படபடப்பு 7-க்குப் போனாலும், அது 4-க்கோ 3-க்கோ இறங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். பத்து நிமிடம் ஆகலாம், அரை மணி நேரம்கூட ஆகலாம். பக்கத்தில் நில்லுங்கள். ஏதாவது சாதாரண விஷயம் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். "இப்ப எத்தனை?" என்று இடையிடையே கேட்டால் போதும். அவள் வாயாலேயே "அஞ்சு... இப்ப நாலு இருக்கும்" என்று வருவதைக் கேட்பீர்கள். யாரும் எதுவும் செய்யாமலே பயம் தானாக இறங்கும் என்று அவள் உடம்பு கற்றுக்கொள்வது அப்போதுதான்.

ஒரே படியை அது அலுத்துப்போகும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். "தினமும் இதேதானாம்மா?" என்று சலித்துக்கொண்டால் அடுத்த படிக்கு நேரம் வந்துவிட்டது. ஒரு படி ரொம்பப் பெரிதாக இருந்தால் இரண்டாக உடையுங்கள். லைப்ரரியில் ஒரு பீரியட் முடியவில்லையா, சரி, பத்து நிமிடம். படி ஏறிய நாளில் அவளுக்குப் பிடித்ததாக ஏதாவது செய்யுங்கள், ஒரு ஐஸ்கிரீம் போதும். மார்க்குக்குக் கிடைக்காத பாராட்டு இந்த முயற்சிக்குக் கிடைக்கட்டும்.

வீட்டில் இருக்கும் நேரம் சுகமாகவும் இருக்கக் கூடாது. பள்ளிக்குப் போகாத பகல் பொழுதில் போன், டிவி, மெத்தை இல்லை. பாடப் புத்தகமும் வீட்டு வேலையும்தான். கோபமாக வேண்டாம், விதியாக மட்டும் சொல்லுங்கள்.

5. திடீரென்று படபடப்பு உச்சத்துக்குப் போனால்

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது, "செத்துடுவேன் போல இருக்கும்மா" என்கிறாள். பேனிக் அட்டாக் என்பது இதுதான். முதல்முறை வந்தால் மருத்துவரிடம் காட்டி இதயம், ஆஸ்துமா எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு வரும்போது இதை நினைவில் வையுங்கள்: சுமார் பத்து நிமிடத்தில் அது உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கிவிடும்.

சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பது, உலுக்குவது எதுவும் வேண்டாம். நீங்கள் கீழே உட்காருங்கள், மெதுவாகப் பேசுங்கள். "இது பயம்தான். உச்சிக்குப் போயிட்டுத் தானா இறங்கிடும். நான் இங்கதான் இருக்கேன்." மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லாதீர்கள், ஏற்கெனவே அதிகமாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாள். வெளியே விடுவதை நீட்டச் சொல்லுங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை உள்ளே, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை வெளியே. கூடவே நீங்களும் செய்யுங்கள். அதுவும் முடியவில்லை என்றால், கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயர், தொட முடிகிற நாலு பொருள், காதில் கேட்கும் மூன்று சத்தம் என்று சொல்ல வைக்கலாம்.

இந்த மூச்சுப் பயிற்சியைத் தினமும் படுக்கப் போகும்போது, பதற்றமே இல்லாத நேரத்தில், ஐந்து நிமிடம் செய்து பழகியிருக்க வேண்டும். தேவைப்படும் அன்று முதல்முறையாகச் செய்தால் கைகொடுக்காது.

6. பள்ளியோடு பேசுவது

வகுப்பு ஆசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள், பெற்றோர் கூட்டத்தில் வேண்டாம். முழுக் கதையையும் கொட்ட வேண்டியதில்லை. மூன்று விஷயம் கேளுங்கள்: கொஞ்ச நாளைக்கு முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம், தாங்க முடியாவிட்டால் ஐந்து நிமிடம் வெளியே போய் வர அனுமதி வேண்டும், ஆனால் திரும்ப வகுப்புக்குத்தான் வர வேண்டும், வீட்டுக்கு அனுப்பக் கூடாது, விஷயத்தை மற்ற மாணவர்கள் முன்னால் பேச வேண்டாம். படிக்கட்டுத் தாளின் ஒரு நகலையும் கொடுங்கள். எல்லா ஆசிரியரும் புரிந்துகொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் புரிந்துகொண்டால் போதும், அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

7. தூக்கம், காபி, போன்

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே உடம்பில் தள்ளிப்போகிறது, அதனால் ஒன்பது மணிக்குத் தூங்கவில்லை என்று திட்டிப் பயனில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பதைத்தான் நிறுத்த வேண்டும். காபி, டீ, எனர்ஜி டிரிங்க் படபடப்பைக் கூட்டும், மாலைக்கு மேல் வேண்டாம். போன் இரவில் அறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும் சேர்த்து. தினமும் வியர்க்கும் அளவுக்கு ஷட்டிலோ சைக்கிளோ, எதுவானாலும் சரி.

8. எப்போது, யாரிடம் போவது?

இரண்டு வாரத்துக்கு மேல் பள்ளிக்குப் போகவில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டிருக்கிறது, படிக்கட்டின் முதல் படியே ஏற முடியவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேல்படிப்புப் படித்தவர், மருந்து எழுதக்கூடியவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவிலும் இலவச சேவை கிடைக்கிறது. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை தெரியும். அந்தப் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறவர்கள் நிறைய. அங்கே வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்குத் திரும்புவார்கள், அவ்வளவுதான்.

எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனஸ் சேவை இது. 24 மணி நேரமும், தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். பிள்ளையும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

"நாளைக்குக் கல்யாணத்துக்குப் பார்க்கும்போது தெரிஞ்சுடுமே" என்ற பயம் நிறைய அம்மாக்களுக்கு இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவமனையின் கடமை. வெளியே சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் ஃப்ளூவாக்ஸிடின், செர்ட்ராலின் போன்றவற்றைக் கொடுப்பார்கள். போதை இல்லை, பழக்கமும் ஆகாது. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். இளவயதினர் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2004-லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. அதனால் அந்த வாரங்களில் பிள்ளையைக் கூர்ந்து கவனியுங்கள், மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கொஞ்சம் சரியானதும் நாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். தெரிந்த மெடிக்கலில் சொல்லி அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரை வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால்

"நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்" என்பது போன்ற ஒரு வாக்கியம் வந்தால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் தெரியும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டிலிருக்கும் மாத்திரைகள், வயலுக்கு வாங்கிய மருந்து, எலி பேஸ்ட் எல்லாவற்றையும் பூட்டுங்கள் அல்லது வெளியே கொடுத்துவிடுங்கள். அன்றே மருத்துவமனை. 14416 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

பொதுத்தேர்வு மாதம்

பிப்ரவரி, மார்ச்சில் புது முயற்சி எதுவும் வேண்டாம், ஏறிய படியில் நிலைத்து நின்றால் போதும். வீட்டிலேயே கடிகாரம் வைத்து, மேஜையில் உட்கார்ந்து, பழைய வினாத்தாளை முழு நேரமும் எழுதிப் பார்க்கட்டும். நம் பொதுத்தேர்வில் வினாத்தாள் வாசிக்க மட்டும் 10 நிமிடம் தருகிறார்கள். அதில் முதல் ஒரு நிமிடம் நாலு உள்ளே, ஆறு வெளியே. அப்புறம் தெரிந்த கேள்விகளை மட்டும் கண்ணால் குறித்துக்கொள்ள வேண்டும். தெரியாததைப் பிறகு பார்க்கலாம். இதையும் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் வாசலிலேயே வினாத்தாளைப் பிடுங்கி ஒவ்வொரு மார்க்காகக் கூட்டாதீர்கள். சாப்பாடு போடுங்கள். ரிசல்ட் நாளில் மாமா, சித்தப்பா போன்களை நீங்களே எடுங்கள். ஒரு பாடம் போனாலும் அதே ஆண்டில் துணைத் தேர்வு இருக்கிறது என்பதை ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே, சாதாரணமாகப் பேச்சுவாக்கில் சொல்லிவையுங்கள்.

மறுபடி வந்தால்

அரையாண்டு விடுமுறை முடிந்த முதல் திங்கள், ஒரு காய்ச்சலுக்காக நாலு நாள் லீவு போட்ட பிறகு, உட்காரும் இடம் மாறிய வாரம். இந்தச் சமயங்களில் பழைய வயிற்று வலி எட்டிப் பார்க்கும். எல்லாம் போச்சு என்று வீடே கலங்க வேண்டாம். பழைய தாளை எடுங்கள், கடைசியாக ஏறிய படிக்கு இரண்டு படி கீழே தொடங்குங்கள். முதல்முறை மூன்று வாரம் எடுத்தது இந்த முறை மூன்று, நாலு நாளில் முடிவது வழக்கம். நீண்ட விடுமுறையின் கடைசி மூன்று நாட்களில் யூனிபார்ம் போட்டுப் பள்ளி கேட் வரை ஒருமுறை போய் வந்துவிட்டால் அதுவும் பாதியாகக் குறையும்.